கடைக்காரர் தாமே கட்டும் இணையத்தளம்: எளிய சைட் பில்டர் ஒன்றை வடிவமைக்கும் முறை

கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை, வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பு, கொட்டாஞ்சேனையில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு வீட்டுத் தொழில். மூவருக்கும் இணையத்தளம் வேண்டும். கோட் எழுதத் தெரியாது. கொம்பியூட்டரும் அநேகமாக இருக்காது, கையில் ஓர் அண்ட்ரொய்ட் போன் இருக்கும். இவர்களுக்காகச் சைட் பில்டர், அதாவது கோட் எழுதாமலே தளம் கட்ட உதவும் கருவி, செய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலிலேயே தவறிப்போவது, எதையும் எங்கேயும் இழுத்து வைக்கக்கூடிய வெற்றுத் திரையைக் கொடுப்பதில்தான்.

டெமோவில் அது அழகாக இருக்கும். பாவனைக்கு வந்ததும் குலையும். கடைக்காரர் படத்தை ஓரிடத்தில் வைப்பார், எழுத்தை அதன் பக்கத்தில் வைப்பார். 360 பிக்சல் அகலமுள்ள போனில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இந்தச் சிக்கல் இங்கே இன்னும் விரைவாக வரும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. எந்த நிறம், எந்த எழுத்துரு, எவ்வளவு இடைவெளி என்று நாற்பது கேள்விக்கு அவரே விடை சொல்லவேண்டியிருக்கும். அவருக்குத் தெரிந்தது தன் வியாபாரம். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள், மற்றதை எல்லாம் பில்டர் முடிவு செய்யட்டும். அப்படிப் பார்த்தால் நீங்கள் செய்யப்போவது வரைகலைக் கருவியல்ல. ஒரு படிவமும் அதன் கீழே உடனே மாறும் முன்னோட்டமும்தான்.

எவை இருக்கும், எவை இருக்காது

பக்கத்தை மேலிருந்து கீழாக அடுக்கிய பகுதிகளாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்புக்கு எட்டுப் பகுதிகள் போதும்: கடையின் பெயரும் ஒரு வரியும் ஒரு படமும் உள்ள முகப்பு, எங்களைப் பற்றி, விலைப் பட்டியல், படத்தொகுப்பு, திறந்திருக்கும் நேரம், முகவரியும் வரைபடமும், தொடர்புப் பட்டன்கள், தற்காலிக அறிவித்தல். பண்டிகைக் காலத்தில் அறிவித்தல் பகுதிதான் அதிகம் மாறும். அதை முதல் திரையிலேயே எட்டக்கூடியதாக வையுங்கள்.

ஒன்லைன் கூடை, உறுப்பினர் கணக்கு, அசையும் எழுத்து, எழுத்துருத் தெரிவு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பணம் வாங்கும் வசதியைக் கேட்பார்கள். முதலில் அவர்களிடம் ஏற்கெனவே உள்ள லங்கா கியூஆர் படத்தையோ (போனால் ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் குறி) வங்கிக் கணக்கு விவரத்தையோ காட்ட ஓர் இடம் கொடுத்தால் போதும். கட்டணச் சேவையை இணைத்தால் பணம் திருப்புதல், கணக்கு ஒப்பிடுதல், வாடிக்கையாளர் முறைப்பாடு என்று வேறொரு தொழிலே தொடங்கிவிடும்.

நிறத்துக்கு வண்ணச் சக்கரம் வைக்காதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு இருப்பதாக நீங்களே சோதித்த ஆறு நிறத் தொகுதிகளைக் கொடுங்கள். மஞ்சளில் வெள்ளை எழுத்து எழுதும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கக்கூடாது.

தரவை எப்படிச் சேமிப்பது

பிரவுசர் வாசிக்கும் பக்கக் கோடான எச்டிஎம்எல்லாகத் தளத்தைச் சேமிக்கவே கூடாது. தளம் முழுவதும் ஒரு ஜேசன் ஆவணம், அதாவது தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதி வைக்கும் ஓர் எழுத்துக் கோப்பு. அதில் பக்கங்கள், பக்கத்துக்குள் வரிசையாகப் பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடையாள எண், வகை, அந்த வகைக்குரிய புலங்கள். விலைப் பட்டியல் என்றால் பெயர், விலை, அலகு, படம், இருப்பில் உண்டா இல்லையா. எந்த இடத்தில் எந்த அளவில் காட்டுவது என்ற செய்தி ஆவணத்தில் வரவேண்டியதில்லை. அது வார்ப்புருவின், அதாவது பக்கத்தின் தோற்றத்தை நிர்ணயிக்கும் அச்சின், வேலை. இப்படி வைத்தால் ஆறு மாதம் கழித்து வார்ப்புருவை மாற்றினாலும் எல்லாத் தளங்களும் அப்படியே புது உடுப்புக்கு வந்துவிடும். எச்டிஎம்எல்லாக வைத்திருந்தால் ஒவ்வொன்றையும் கையால் திருத்த வேண்டும்.

ஆவணத்தின் தலையில் பதிப்பு எண் ஒன்றை முதல் நாளே போடுங்கள். புலங்கள் மாறும்போது பழைய ஆவணத்தைப் புதியதாக்கும் சிறு நிரல் எழுத வேண்டியிருக்கும். எண் இல்லாவிட்டால் எது பழையது என்றே தெரியாது.

எழுத்துப் புலம் ஒவ்வொன்றும் மூன்று மொழிக்கும் இடம் கொண்டதாக இருக்கட்டும். கடைக்காரர் தமிழில் மட்டும் நிரப்பினாலும் பரவாயில்லை. கொழும்பில் ஆறு மாதத்துக்குள் சிங்களமும் ஆங்கிலமும் கேட்பார்கள். பின்னால் சேர்ப்பது பெரிய வேலை. நிரப்பாத மொழிக்கு வெற்றுப் பெட்டியைக் காட்டாமல் இருக்கும் மொழியைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் அது எந்த மொழி என்ற மொழிக்குறியும் வெளியீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான்கள் தமிழை ஆங்கில உச்சரிப்பில் வாசிக்கப் பார்க்கும்.

தொலைபேசி எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் எண்ணாகச் சேமிக்காதீர்கள். வெள்ளவத்தை, அதாவது கொழும்பு 6, 00600. எண் புலத்தில் போட்டால் அது 600 ஆகிவிடும். 077 என்று தொடங்கும் எண்ணுக்கும் அதே கதிதான்.

திருத்தும் திரை

வெற்றுப் பக்கத்தோடு தொடங்க வேண்டாம். என்ன தொழில், கடையின் பெயர் என்ன, எந்த எண்ணில் அழைப்பது என்று மூன்றே கேள்விகள். மூன்றாவது விடை முடிந்ததும் அந்தத் தொழிலுக்கேற்ற பகுதிகளோடு ஒரு தளம் கண்முன் வந்துவிட வேண்டும். நகைக்கடைக்குப் படத்தொகுப்பு மேலே, டியூஷனுக்கு நேர அட்டவணை மேலே. உள்ளே வைக்கும் மாதிரி எழுத்தில் ஓர் ஆபத்து உண்டு. “இங்கே உங்கள் விவரத்தை எழுதுங்கள்” என்ற வரியோடு தளங்கள் அப்படியே உலகத்துக்குப் போய்விடும். மாதிரி எழுத்தை ஆவணத்தில் சேர்க்காமல் திருத்தும் திரையில் மட்டும் மங்கலாகக் காட்டுங்கள். நிரப்பாத பகுதி வெளியீட்டில் தோன்றவே கூடாது.

பகுதிகளை மேலும் கீழும் நகர்த்த இழுத்தல் வேண்டாம். போனில் இழுப்பதும் பக்கத்தை உருட்டுவதும் ஒரே விரலசைவு, இரண்டும் மோதும். ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் மேல், கீழ் என்று இரண்டு அம்புக்குறிப் பட்டன்கள் போதும். தொடுமிடம் 48 பிக்சலுக்குக் குறையக்கூடாது. உள்ளிடும் பெட்டிகளின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே போனால் ஐபோன் சபாரி பெட்டியைத் தொட்டவுடன் திரையைத் தானாகப் பெருப்பிக்கும். கடைக்காரர் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைப்பார்.

சேமி என்ற பட்டன் வேண்டாம். தட்டச்சு நின்று ஒன்று, ஒன்றரை விநாடியில் தானாகச் சேமியுங்கள். முதலில் போனுக்குள்ளே, பிறகு சேர்வருக்கு. பஸ்ஸில் போகும்போது டேட்டா விட்டுவிட்டு வரும், அந்த இடைவெளியில் எழுதியது தொலைந்தால் அவர் திரும்பி வரமாட்டார். “சேமித்தாயிற்று” என்பதைச் சேர்வர் உறுதி செய்த பிறகே காட்டுங்கள். போனில் மட்டும் இருக்கும்போது “இணைப்பு வந்ததும் அனுப்பப்படும்” என்று உண்மையைச் சொல்லுங்கள். கணவன் ஒரு போனிலும் மனைவி இன்னொரு போனிலும் ஒரே தளத்தைத் திறந்து வைத்திருப்பது சாதாரணம். ஒவ்வொரு சேமிப்போடும் அது எத்தனையாவது திருத்தம் என்ற எண்ணை அனுப்பி, சேர்வரில் உள்ளது அதைவிடப் புதிதாக இருந்தால் மேலெழுதாமல் நிறுத்திக் கேளுங்கள்.

நீக்கும்போது “உறுதியா?” என்ற பெட்டி வேலை செய்வதில்லை. பழக்கத்தில் ஆம் என்று அழுத்திவிடுவார்கள். நீக்கிவிட்டு, அடியில் சில விநாடிகளுக்கு “மீட்டெடு” என்று ஒரு பட்டனைக் காட்டுவது அதைவிட நல்லது.

உள்நுழைவுக்கு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டால் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். பேஸ்புக் செயலிக்குள் திறக்கும் பிரவுசரில் கூகுள் உள்நுழைவும் நடக்காது, உட்பொதிந்த பிரவுசர்களில் கூகுளே அதைத் தடுக்கிறது. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறிலக்க எண்ணே இலகு. அந்த எஸ்எம்எஸ்ஸைத் தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறிகள்தான், ஆங்கிலத்தில் 160. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். எனவே வாசகத்தைச் சுருக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வோர் உள்நுழைவுக்கும் இரண்டு, மூன்று எஸ்எம்எஸ்ஸின் காசு போகும்.

தமிழ் எழுத்தில் வரும் தொல்லைகள்

வெளிநாட்டுப் பில்டர்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

முதலாவது பாமினி. இலங்கையில் அச்சகங்களும் அலுவலகங்களும் பல்லாண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. துண்டுப்பிரசுரத்துக்கு அடித்த வேர்ட் கோப்பிலிருந்துதான் கடைக்காரர் வாசகத்தைக் கொண்டுவருவார். அது இன்றைய போன்களும் இணையமும் பாவிக்கும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோட் அல்ல. பாமினியில் “தமிழ்” என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கிறது. உங்கள் பெட்டியில் ஒட்டியதும் குப்பையாகத் தெரியும். ஒட்டும் கணத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். தமிழ்ப் புலத்தில் ஆங்கில எழுத்துகள் மட்டும் வந்து, சொற்களுக்கு நடுவே அரைப்புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் அது பெரும்பாலும் பாமினி. மாற்றிய வடிவத்தைக் காட்டி “இப்படித்தானா?” என்று கேளுங்கள். கேட்காமல் மாற்றினால் உண்மையான ஆங்கில வரியும் சிதையும்.

இரண்டாவது நீள எல்லை. “கொழும்பு” கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறிகள். அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 24 பைட். தலைப்புக்கு 30 என்று எல்லை வைத்து நிரலின் வழமையான நீள அளவையை நம்பினால், பாதியிலேயே நிறைந்துவிட்டது என்று சொல்லும். எழுத்து அலகுகளைப் பிரித்து எண்ணும் வசதி இன்றைய பிரவுசர்களிலேயே இருக்கிறது, அதையே பாவியுங்கள். வரியை வெட்டிப் புள்ளி போடும்போதும் அப்படியே. குறிகளைக் கணக்கிட்டு வெட்டினால் “கு”வின் உகரம் போய் வெறும் “க” நிற்கும்.

மூன்றாவது பக்கத்தின் முகவரி. தலைப்பிலிருந்து முகவரியைத் தானாக ஆக்கினால், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். “கொழும்பு” மட்டும் 72 எழுத்து. வட்ஸ்அப்பில் ஒட்டினால் நாலு வரிக்கு நீண்டு கிடக்கும், பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார். முகவரியை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துக் கொடுத்து, விரும்பினால் திருத்த விடுங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர் ஆகியவற்றில் ஒன்றை எடுத்து உங்கள் சேர்வரிலேயே வையுங்கள், இலவச உரிமத்தில் கிடைக்கின்றன. வரி உயரம் 1.6 முதல் 1.7. ஆங்கில வார்ப்புருக்களின் 1.2ஐ அப்படியே விட்டால் மேலே இகரக் குறியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி வேண்டாம், சாய்வெழுத்தும் வேண்டாம்.

விலை காட்டும்போதும் கவனம். மொழி தமிழ் என்று மட்டும் சொன்னால் பிரவுசர் இந்திய முறையில் 1,25,000 என்று எழுதும். இங்கே விலைப்பட்டியலில் 125,000 என்றே எழுதுவது வழக்கம். காற்புள்ளி முறையை நீங்களே நிர்ணயியுங்கள்.

கொழும்புக் கடைக்குரிய புலங்கள்

திறந்திருக்கும் நேரத்துக்கு “தொடக்கம், முடிவு” என்று இரண்டே பெட்டி வைத்தால் போதாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மூடி மீண்டும் திறக்கும் கடைகள் உண்டு, மத்தியானம் மூடும் கடைகளும் உண்டு. எனவே ஒரு நாளுக்குப் பல இடைவெளிகள் வேண்டும். “போயா தினங்களில் மூடப்படும்” என்று தனியான ஒரு தெரிவு வேண்டும். போயா பௌர்ணமி நாள் என்பதால் வாரநாளோடு ஒட்டாது, ஒவ்வோர் ஆண்டின் தேதிகளையும் முன்கூட்டியே நீங்கள்தான் ஏற்ற வேண்டும். “இப்போது திறந்திருக்கிறது” என்று காட்டுவதானால் கொழும்பு நேரத்தில் கணக்கிடுங்கள். லண்டனிலிருந்து பார்ப்பவரின் போன் நேரத்தை எடுத்தால் விடை பிழைக்கும்.

வட்ஸ்அப் பட்டனில் அடிக்கடி நேரும் பிழை எண் வடிவம். இணைப்பில் எண் 94 என்று தொடங்க வேண்டும். கூட்டல் குறியும் கூடாது, முதல் பூச்சியமும் கூடாது. 077 என்று தொடங்கும் பத்திலக்க எண் 9477 என்று தொடங்கும் பதினோரிலக்கமாகும். கடைக்காரர் எப்படி எழுதினாலும், இடைவெளி, கோடு, கூட்டல் குறி எதுவானாலும் ஏற்றுக்கொண்டு நீங்கள் மாற்றுங்கள். சிவப்பில் “தவறான எண்” என்று காட்டுவது உங்கள் சோம்பல். நேரடி அழைப்புப் பட்டனுக்கு மட்டும் கூட்டல் குறியோடு சர்வதேச வடிவம்.

படங்கள்

போன் கமரா படம் ஒன்று பல எம்பி. அதை அப்படியே ஏற்றினால் அவருடைய டேட்டாவும் போகும், பார்ப்பவருடைய டேட்டாவும் போகும். ஏற்றுவதற்கு முன் பிரவுசரிலேயே நீண்ட பக்கம் 1600 பிக்சலாகச் சுருக்கி, ஜேபெக் வடிவில் 75 முதல் 80 தரத்தில் மீண்டும் எழுதுங்கள். பெரும்பாலும் 300 கேபிக்குள் அடங்கும். இப்படி மீண்டும் எழுதும்போது படத்தோடு ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் தகவலும் நீங்கிவிடும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கு இது முக்கியம். ஐபோனின் எச்இஐசி வடிவத்தைக் குரோம் திறக்காது, அதை மட்டும் சேர்வருக்கு அனுப்பி மாற்ற வேண்டும். வெளியீட்டில் ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் படம் வரவர எழுத்து துள்ளும்.

வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் இணைப்பைப் பகிரும்போது தோன்றும் முன்னோட்டப் படத்தை 1200க்கு 630 அளவில் நீங்களே ஆக்கிக் கொடுங்கள். கடையின் பெயரும் முகப்புப் படமும் இருந்தால் போதும். பலருக்குத் தளத்தைவிட இந்தச் சின்னப் பெட்டிதான் விளம்பரம்.

வெளியிடுதல், டொமைன்

வரைவு வேறு, வெளியீடு வேறு. “வெளியிடு” என்பதை அழுத்தும்போது ஆவணத்திலிருந்து நிலையான எச்டிஎம்எல் பக்கங்களை ஒரு புதிய கோப்புறையில் ஆக்கி, எல்லாம் முடிந்த பிறகு மட்டும், எந்தக் கோப்புறையை வெளியே காட்டுவது என்று சொல்லும் சுட்டியை அதற்கு மாற்றுங்கள். இடையில் ஏதாவது நின்றாலும் பழைய தளம் அப்படியே இருக்கும். கடைசிப் பத்து வெளியீடுகளை வைத்திருந்தால் பழையதற்குத் திரும்ப ஒரு பட்டன் கொடுக்கலாம். படங்களுக்கு, படம் மாறினால் பெயரும் மாறும்படி உள்ளடக்கத்தையொட்டிய பெயர் வைத்து, பிரவுசரை ஓராண்டுக்குத் தற்காலிக நினைவில் வைக்கச் சொல்லலாம். பக்கத்துக்கு அப்படிச் செய்தால் “விலையை மாத்தினேன், பழைய விலைதான் காட்டுது” என்ற அழைப்புகள் வரும். பக்கத்தை ஒவ்வொரு முறையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் எல்லோருக்கும் உங்கள் டொமைனின் கீழ் ஒரு துணைப் பெயர். எல்லாத் துணைப் பெயர்களுக்கும் பொதுவான ஒரு எச்டிடிபிஎஸ் பாதுகாப்புச் சான்றிதழ் போதும், அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்டில் டிஎன்எஸ் (டொமைன் பெயர் எந்தச் சேர்வருக்குரியது என்று சொல்லும் பதிவேடு) வழிச் சரிபார்ப்பில் மட்டுமே பெறலாம். மெயில், அட்மின், லொகின் போன்ற பெயர்களை யாரும் எடுக்கவிடாமல் முன்பே ஒதுக்கி வையுங்கள்.

சொந்த டொமைன் வேண்டும் என்பவர் டொட் எல்கே கொண்டு வருவார். டொட் இலங்கை என்ற தமிழ் முடிவும் இருக்கிறது. அது டிஎன்எஸ்ஸுக்குள் வேறோர் ஆங்கில வடிவத்தில்தான் சேமிக்கப்படும், நிரலில் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக அறிந்துகொள்ள வேண்டும். டிஎன்எஸ் பதிவுகளை மாற்றுவதுதான் எல்லாரும் சறுக்கும் படி. வெற்று டொமைனில் சிநேம் (இன்னொரு பெயரைக் காட்டும்) பதிவு போட முடியாது, அதற்கு ஏ (சேர்வரின் ஐபி எண்ணைக் காட்டும்) பதிவு. முன்னால் டபிள்யூ மூன்று வரும் பெயருக்குச் சிநேம். பழைய சேர்வரின் ஐபிவி6 (புதிய வகை ஐபி எண்) பதிவு ஒன்று மறந்துபோய்க் கிடந்தால் பக்கம் சிலருக்குத் திறக்கும், சிலருக்குத் திறக்காது, சான்றிதழும் கிடைக்காமல் போகலாம். உங்கள் நிரலே சில நிமிடங்களுக்கொருமுறை பார்த்து, “ஒரு பதிவு இன்னும் பழைய இடத்தைக் காட்டுகிறது, இதை அழியுங்கள்” என்று எளிய தமிழில் சொல்ல வேண்டும். பதிவுகள் சரியாகும் வரை சான்றிதழ் கேட்காதீர்கள். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து தோல்விக்கு மேல் லெட்ஸ் என்க்ரிப்ட் மறுத்துவிடும்.

பாதுகாப்பு

திருத்தும் கருவி ஒரு டொமைனிலும் வாடிக்கையாளர் தளங்கள் முற்றிலும் வேறொரு டொமைனிலும் இருக்க வேண்டும். துணைப் பெயரால் மட்டும் பிரித்தால் குக்கீகள் (உள்நுழைவு போன்றவற்றை நினைவில் வைக்கப் பிரவுசர் சேமிக்கும் சிறு தரவுகள்) கலக்கும். அதோடு யாராவது ஒருவர் வங்கிப் பக்கம் போலப் போலித் தளம் செய்தால், கூகுளின் சிவப்பு எச்சரிக்கை உங்கள் டொமைன் முழுவதற்கும் விழலாம். அப்போது கருவியாவது தப்ப வேண்டும். “சொந்தக் கோட் ஒட்டும் பகுதி” என்று ஒன்றைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

தொடர்புப் படிவத்தைவிட வட்ஸ்அப் பட்டன் நல்லது. ஸ்பாம் இல்லை, சேமிக்க ஒன்றும் இல்லை. படிவம் வைத்து மற்றவர்களின் பெயரையும் எண்ணையும் திரட்டுவதானால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

சோதனை

ஐந்து பேர் போதும், ஆனால் உங்கள் நண்பர்கள் வேண்டாம். அவர்களுடைய போன், அவர்களுடைய டேட்டா, அவர்களுடைய கடை. நாலு வேலை சொல்லுங்கள்: ஒரு விலையை மாற்றுவது, ஒரு படம் சேர்ப்பது, வரும் வியாழன் கடை மூடல் என்று அறிவிப்பது, வெளியிட்டு வீட்டாருக்கு இணைப்பை அனுப்புவது. பிறகு வாயைத் திறக்காதீர்கள். பத்து விநாடிக்கு மேல் விரல் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். “இது நல்லா இருக்கு தம்பி” என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், உங்கள் மனம் நோகக்கூடாதென்று சொல்வது அது. கடை நெரிசலாக இருக்கும் நேரத்தில் ஒருமுறை பாருங்கள். ஒரு கையில் பில் புத்தகமும் மறுகையில் போனுமாக, பெருவிரலால் மட்டும் விலையை மாற்ற முடிகிறதா என்பது மேசையில் அமர்ந்து பார்க்கையில் தெரியாது.

வாரம் கழித்து அதே ஐந்து பேரின் தளங்களையும் திறந்து பாருங்கள். எவற்றில் விலை மாறியிருக்கிறது, எவற்றில் முதல் நாள் எழுதியது அப்படியே கிடக்கிறது என்று பாருங்கள். மாறாத தளங்களின் சொந்தக்காரர்களிடம் போய் ஏன் மாற்றவில்லை என்று கேட்காதீர்கள். மாற்றச் சொல்லிவிட்டு, போனில் திருத்தும் திரையை எங்கே தேடுகிறார்கள் என்று பாருங்கள். பலர் இணைப்பையே தொலைத்திருப்பார்கள். அதற்கு மருந்து சிறியது: கணக்குத் திறந்த அன்றே திருத்தும் இணைப்பை அவருடைய சொந்த எண்ணுக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பிவையுங்கள்.